உள்வரும் அழைப்பு மட்டும் 32 நொடியில் அறுந்துபோகிறது – சிப் சிக்னலிங், ரூட்டிங் தெரிந்தவர்கள் பாருங்கள்

திருப்பூர்_அட்மின்

வணக்கம். பனியன் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், தொலைபேசி எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய பிஆர்ஐ டிஜிட்டல் லைனை விட்டு சிப் (SIP) ட்ரங்குக்கு, அதாவது இணையம் வழியே வரும் தொலைபேசி இணைப்புக்கு, மாறி நாளாகிவிட்டது. ஆஸ்டரிஸ்க் பிபிஎக்ஸ் (அலுவலகத் தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் அமைப்பு), நிலையான ஐபி முகவரி, ரவுட்டருக்குப் பின்னால் 192.168.1.10 இல் சர்வர். அண்மையில் ட்ரங்க் தரும் நிறுவனத்தை மாற்றினோம். அதிலிருந்து வெளியே இருந்து வரும் அழைப்புகள் எல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே அறுந்துவிடுகின்றன. கடிகாரம் வைத்துப் பார்த்தால் எப்போதும் 32 நொடி.

குரல் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது. விட்டுவிட்டுக் கேட்பது, எதிரொலி எதுவும் இல்லை. நாங்கள் வெளியே கூப்பிட்டால் எவ்வளவு நேரம் பேசினாலும் அறுவதில்லை. இணைய இணைப்பு தருபவர்கள் லைன் சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள், ட்ரங்க் நிறுவனமோ உங்கள் பிபிஎக்ஸ்தான் அழைப்பை முடிக்கிறது என்கிறது. வெளிநாட்டு பையர் ஒவ்வொரு முறையும் மறுபடி கூப்பிட வேண்டியிருக்கிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா என்று முதலாளி கேட்கிறார், என்ன சொல்வது?

ஈரோடு_ஃபைபர்

ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒன்று இருக்கும், சிப் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளை ரவுட்டரே மாற்றி எழுதும் வசதி, அதை அணைத்துவிடுங்கள். பாதித் தொல்லை அதிலிருந்துதான் வரும்.

நொய்யல்காரன்

வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, முதலாளியிடம் அந்தச் செலவு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஜி.711 இல் ஒரு அழைப்புக்கு 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், அதில் 160 பைட் குரல், ஆர்டிபி, யூடிபி, ஐபி தலைப்புகள் சேர்ந்து 40 பைட், நொடிக்கு 50 பாக்கெட். ஒரு திசைக்கு 80 கேபிஎஸ். ஒரே நேரத்தில் பத்து பேர் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ் ஆகாது.

32 நொடி என்பது தற்செயலாக வரும் எண் அல்ல. சிப்பின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 3261 (2002 இல் வந்தது) டி1 என்று ஒரு கால அளவை வைத்திருக்கிறது, இயல்பாக அரை நொடி. பல டைமர்கள் 64 மடங்கு டி1 இல் முடியும், அதாவது 32 நொடி. அழைப்பு வரும்போது உங்கள் பிபிஎக்ஸ் 200 ஓகே (அழைப்பை எடுத்தாகிவிட்டது) அனுப்பியதும் அந்தப் பக்கத்திலிருந்து ஆக் (கிடைத்தது என்ற ஒப்புதல்) வர வேண்டும். வராவிட்டால் 200 ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், 0.5 நொடி, 1, 2, அப்புறம் 4 நொடி இடைவெளி, அதற்கு மேல் இடைவெளி கூடாது. 32 நொடி வரை ஆக் வராவிட்டால் பிபிஎக்ஸ் தானே 'பை' அனுப்பி முடித்துவிடும். ட்ரங்க் நிறுவனம் சொல்வது அந்த மட்டில் உண்மை, முடிப்பது உங்கள் பிபிஎக்ஸ்தான். ஆனால் ஆக் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி, அதை அவர்கள் சொல்லவில்லை.

பிபிஎக்ஸில் எஸ்என்ஜிரெப் (சிப் செய்திகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட்டி ஒரு உள்வரும் அழைப்பைப் பிடித்துப் போடுங்கள். இன்னொன்றும் பார்த்துச் சொல்லுங்கள்: நீங்கள் வெளியே கூப்பிட்டுப் பேசி முடித்து எதிர்ப்பக்கத்தவர் முதலில் வைத்தால், உங்கள் தொலைபேசியில் அழைப்பு முடிந்ததாகக் காட்டுகிறதா, இல்லை ஒன்றும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா?

புதுசிம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா, கல்லூரி முடித்து இப்போதுதான் இந்தத் துறைக்கு வந்திருக்கிறேன். ஆக் வராதபோது குரல் மட்டும் எப்படி 32 நொடி போகிறது? அழைப்பே சரியாக அமையவில்லை என்றுதானே அர்த்தம்?

நொய்யல்காரன்

நல்ல கேள்வி தம்பி, இந்தத் துறையில் முதலில் மனதில் உட்கார வேண்டியது இதுதான். சிப் குரலைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. இன்னார் இன்னாரைக் கூப்பிடுகிறார், எந்த முகவரியில் எந்த போர்ட்டில் எந்த கோடெக்கில் (குரலைச் சுருக்கும் முறை) குரலை வாங்கிக்கொள்வேன், இவ்வளவுதான் அது பேசும். இந்தக் கடைசிப் பகுதி எஸ்டிபி என்ற வடிவத்தில் இன்வைட் என்ற அழைப்புக் கோரிக்கைக்குள் போகிறது, பதில் எஸ்டிபி 200 ஓகேயில் வருகிறது. இரண்டும் கைமாறிய உடனே குரலைச் சுமக்கும் ஆர்டிபி பாக்கெட்டுகள் ஓட ஆரம்பித்துவிடும். அவை சிப் போன பாதையில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பெரும்பாலும் போவதும் இல்லை. இடையில் மூன்று ப்ராக்ஸி (செய்தியை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும் சர்வர்) வழியாக சிக்னலிங் போயிருக்கலாம், குரலோ ஒரு மீடியா சர்வரிலிருந்து நேராக வரலாம்.

அதனால்தான் இந்த உலகில் பாதிக் கோளாறுகள் விசித்திரமாகத் தெரிகின்றன. சிக்னலிங் சரியாக இருந்து குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், அல்லது இங்கே நடப்பதுபோல் குரல் சரியாக இருந்து சிக்னலிங் பாதியில் நிற்கும். எது உடைந்திருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்காமல் ரவுட்டரை மாற்று, லைனை மாற்று என்று கிளம்பினால் பணம்தான் போகும்.

கேபிள்_மணி

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். சிக்னலிங் வேறு குரல் வேறு என்பது சிப் கொண்டுவந்தது என்று இளைஞர்கள் நினைத்துவிடக் கூடாது. எக்ஸ்சேஞ்சுகளின் பழைய சிக்னலிங் முறையான எஸ்எஸ்7 இலேயே அப்படித்தான். இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே குரல் போகும் சர்க்யூட்டுகள் ஒரு பக்கம், சிக்னலிங் லிங்க் இன்னொரு பக்கம், நடுவில் சிக்னலிங் செய்திகளைக் கடத்தும் எஸ்டிபி கணுக்கள் (இது வேறு எஸ்டிபி, மேலே தம்பிக்குச் சொன்னது அல்ல). அழைப்பைத் தொடங்க ஐஏஎம் போகும், எண் கிடைத்ததும் ஏசிஎம் வரும், எடுத்ததும் ஏஎன்எம் வரும், வைத்ததும் ஆர்இஎல். இன்றைக்கும் சிப் அழைப்பு ஒன்று பழைய நெட்வொர்க்குக்குள் நுழையும் இடத்தில் இன்வைட் ஐஏஎம் ஆகிறது, ஏசிஎம் 180 (மணி அடிக்கிறது) அல்லது 183 (அழைப்பு நகர்கிறது) ஆகிறது, ஏஎன்எம் 200 ஓகே ஆகிறது. இந்த மாற்றத்தை வரையறுக்கவே ஆர்எஃப்சி 3398 இருக்கிறது.

திருப்பூர் தம்பியின் பழைய பிஆர்ஐயில் முப்பது குரல் சேனல், 16 ஆவது டைம்ஸ்லாட்டில் சிக்னலிங். இரண்டும் ஒரே கம்பியில் வந்ததால் லைன் இருந்தால் இரண்டும் இருக்கும், போனால் இரண்டும் போகும். முகவரி என்ற பேச்சே கிடையாது, கம்பியின் மறுமுனைதான் முகவரி. சிப்பில் ஒவ்வொரு செய்தியும் "அடுத்ததை எனக்கு இங்கே அனுப்பு" என்று ஒரு முகவரியைச் சுமந்துகொண்டு போகிறது. அந்த முகவரி தவறாக இருந்தால் கம்பி நன்றாக இருந்தும் பயனில்லை. இந்தத் தம்பியின் கோளாறும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

திருப்பூர்_அட்மின்

நொய்யல்காரன் சார், ட்ரேஸ் எடுத்துவிட்டேன். பொது ஐபியை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறேன்.

ட்ரங்க் → பிபிஎக்ஸ்: இன்வைட்
பிபிஎக்ஸ் → ட்ரங்க்: 100 ட்ரையிங்
பிபிஎக்ஸ் → ட்ரங்க்: 180 ரிங்கிங்
பிபிஎக்ஸ் → ட்ரங்க்: 200 ஓகே
பிபிஎக்ஸ் → ட்ரங்க்: 200 ஓகே
பிபிஎக்ஸ் → ட்ரங்க்: 200 ஓகே
(இப்படியே போகிறது, ஆக் ஒன்றுகூட இல்லை)
பிபிஎக்ஸ் → ட்ரங்க்: பை

200 ஓகேக்குள் இரண்டு வரிகள்:
காண்டாக்ட்: சிப்:192.168.1.10:5060
எஸ்டிபி சி வரி (குரலை வாங்கும் முகவரி): ஐபி4 203.0.113.25

நீங்கள் கேட்ட இன்னொன்றும் அப்படியே நடக்கிறது. வெளியே கூப்பிட்டுப் பேசும்போது எதிர்ப்பக்கம் வைத்துவிட்டால் எங்கள் போனில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நாங்கள் வைத்தால்தான் முடிகிறது. சில சமயம் எல்லாச் சேனலும் நிரம்பிவிட்டதாக பிபிஎக்ஸ் சொல்வதும் இதனால்தானோ?

நொய்யல்காரன்

இதனால்தான். இப்போது படம் முழுதாகத் தெரிகிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

சிப்பில் ஒரு செய்தி எங்கே போக வேண்டும் என்பதை மூன்று தலைப்புகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. முதலாவது வியா. ஒரு கோரிக்கை கடந்துவந்த ஒவ்வொரு ப்ராக்ஸியும் தன் முகவரியை வியாவாக மேலே அடுக்கிக்கொண்டு போகும், பதில் அந்த அடுக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பும். அதனால் 100, 180, 200 எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றன. 'நாட்' (NAT, ரவுட்டர் உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றுவது) என்பதற்குப் பின்னால் இருப்பவர்களுக்காக ஆர்போர்ட் என்ற ஒரு வசதி ஆர்எஃப்சி 3581 இல் சேர்க்கப்பட்டது: வியாவில் எழுதியிருக்கும் முகவரி எதுவாக இருந்தாலும், பாக்கெட் எந்த ஐபி, போர்ட்டிலிருந்து வந்ததோ அங்கேயே பதிலை அனுப்பு என்பது அதன் பொருள். உங்கள் வெளிச்செல்லும் அழைப்புகள் அமைவது இதன் தயவில்.

இரண்டாவது காண்டாக்ட். அழைப்பு அமைந்தபின் வரும் புதுக் கோரிக்கைகள், அதாவது 200க்கான ஆக், மறு இன்வைட், பை, இவை வியாவைப் பார்ப்பதில்லை. எதிராளி தன் காண்டாக்ட்டில் கொடுத்த முகவரியைத்தான் இலக்காக எடுத்துக்கொள்ளும். உங்கள் பிபிஎக்ஸ் காண்டாக்ட்டில் 192.168.1.10 என்று சொல்லியிருக்கிறது. ட்ரங்க் நிறுவனத்தின் சர்வர் சொன்ன பேச்சைக் கேட்டு அந்த முகவரிக்கே ஆக் அனுப்புகிறது. அது தனியார் முகவரி, அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே எங்கோ போய் மடிந்துவிடும். நீங்கள் வெளியே கூப்பிடும்போது ஆக் அனுப்புவது நீங்கள், அவர்களுடைய காண்டாக்ட் சரியான பொது முகவரி, அதனால் அறுவதில்லை. ஆனால் அந்த அழைப்பை அவர்கள் முடிக்கும்போது 'பை' அதே 192.168.1.10 ஐத் தேடிப் போகிறது. உங்கள் பிபிஎக்ஸுக்குத் தகவலே வராது, சேனல் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் உங்கள் பக்கம் வைத்ததும் நீங்கள் அனுப்பும் 'பை'க்கு 481 என்று பதில் வந்திருக்கும், பாருங்கள்: அப்படி ஒரு அழைப்பே என்னிடம் இல்லை என்று அர்த்தம். இரண்டு வேறு கோளாறு போலத் தெரிவது ஒரே ஒரு வரியின் வேலை.

மூன்றாவது ரெக்கார்டு-ரூட். ஒரு ப்ராக்ஸி இந்த அழைப்பு முடியும்வரை நானும் பாதையில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் இன்வைட்டில் தன் பெயரை இப்படிப் பதித்துவிடும். பின்வரும் கோரிக்கைகள் அந்தப் பட்டியல் வழியாகப் போய்க் கடைசியில் காண்டாக்ட்டை அடையும். உங்கள் விஷயத்தில் இது அவர்கள் பக்கம் சரியாக இருந்தாலும் கடைசிப் படி தவறு.

குரல் ஏன் வேலை செய்தது? சி வரியில் பொது ஐபி இருக்கிறதே. ஆஸ்டரிஸ்கின் பிஜேசிப் அமைப்பில் ட்ரான்ஸ்போர்ட் பகுதியில் இரண்டு வரிகள் உண்டு, எக்ஸ்டர்னல்_மீடியா_அட்ரஸ், எக்ஸ்டர்னல்_சிக்னலிங்_அட்ரஸ். முதலாவதில் பொது ஐபி கொடுத்து இரண்டாவதை விட்டுவிட்டால் இப்போது நீங்கள் பார்ப்பதுதான் நடக்கும். இரண்டிலும் கொடுங்கள், லோக்கல்_நெட் வரியில் 192.168.1.0/24 இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மேசைத் தொலைபேசிகளுக்கும் பொது ஐபியைச் சொல்லி அவற்றைக் குழப்பிவிடும்.

ஆனால் மாற்றுவதற்கு முன் ஒன்று. இந்த ட்ரேஸ் பிபிஎக்ஸில் எடுத்தது, ரவுட்டரைத் தாண்டிய பிறகு அந்த வரி என்ன ஆனது என்று இது காட்டாது. ஏஎல்ஜி இடையில் புகுந்து எதையாவது மாற்றியிருக்கலாம். ட்ரங்க் நிறுவனத்திடம் அவர்கள் வாங்கிய 200 ஓகேயைக் கேட்டு வாங்குங்கள். ஈரோடு நண்பர் சொன்னபடி ஏஎல்ஜியை அணைப்பது நல்லதுதான், இப்போது பிபிஎக்ஸ்களே 'நாட்'டைச் சமாளிக்கத் தெரிந்தவை, ரவுட்டர் நடுவில் கைவைத்தால் கெடுதலே அதிகம். ஆனால் அதைச் செய்துவிட்டுக் காரணம் தெரியாமல் விட்டுவிடாதீர்கள்.

புதுசிம்

மிகவும் தெளிவாகப் புரிந்தது. ஒன்றே ஒன்று: பழைய நிறுவனத்தின் ட்ரங்கிலும் இதே அமைப்புதானே இருந்தது, அங்கே எப்படி ஓடியது?

ஆழி_அலைவரிசை

நான் சொல்கிறேன். ஒரு கேரியரின் (அழைப்புகளைக் கடத்தும் நிறுவனம்) ரூட்டிங் பிரிவில் வேலை செய்கிறேன், எங்கள் வாசலில் எஸ்பிசி என்ற பெட்டி நிற்கிறது. வாடிக்கையாளர் காண்டாக்ட்டில் என்ன எழுதினாலும் நாங்கள் நம்புவதில்லை, பாக்கெட் எங்கிருந்து வந்ததோ அந்த ஐபி, போர்ட்டைக் குறித்துக்கொண்டு அங்கேயே திருப்பி அனுப்புவோம். குரலுக்கும் அப்படித்தான், எஸ்டிபி சொல்லும் முகவரியை விட்டுவிட்டு முதல் ஆர்டிபி பாக்கெட் வந்த முகவரிக்கே பேச ஆரம்பிப்போம். உங்கள் பழைய நிறுவனமும் இப்படி வைத்திருந்திருக்கும். புதிய நிறுவனம் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறது. தரப்படி பார்த்தால் அவர்கள் செய்வதில் தவறில்லை, ஆனால் சிறு அலுவலகங்களுக்கு ட்ரங்க் விற்கும் ஒருவர் வாடிக்கையாளர்கள் எல்லாருமே 'நாட்'டுக்குப் பின்னால்தான் இருப்பார்கள் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதை நான் அழுத்தியே சொல்வேன்.

திருப்பூர் நண்பரே, கையோடு இதையும் பாருங்கள்: ரவுட்டரில் 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டிருக்கிறீர்களா? திறந்திருந்தால் ட்ரங்க் நிறுவனத்தின் ஐபிக்கு மட்டும் என்று சுருக்குங்கள். இணையத்தில் நாள் முழுக்க யாராவது 5060ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். லாக்கில் ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர் என்ற பெயர் தெரிந்தால் அதுதான். பலவீனமான கடவுச்சொல் உள்ள ஒரு எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் போதும், ஒரு வார இறுதியில் அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போட்டு உங்கள் பில்லை ஏற்றிவிடுவார்கள்.

புதுசிம்

நன்றி அக்கா. ரூட்டிங் பிரிவு என்றதும் கேட்கத் தோன்றுகிறது. காண்டாக்ட், வியா எல்லாம் அழைப்பு அமைந்த பிறகு சரி. முதல் இன்வைட் எங்கே போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி தேடித் தரும் அமைப்பு) பார்த்து ப்ராக்ஸியைக் கண்டுபிடிக்கும் என்று படித்தேன்.

ஆழி_அலைவரிசை

படித்தது சரிதான், ஆர்எஃப்சி 3263 அதைத்தான் சொல்கிறது: முகவரியின் டொமைன் பகுதியை எடுத்து என்ஏபிடிஆர், எஸ்ஆர்வி பதிவுகளைத் தேடி எந்த சர்வர், எந்த போர்ட், யூடிபியா டிசிபியா டிஎல்எஸ்ஸா என்று கண்டுகொள்வது. மின்னஞ்சல் போல எந்த டொமைனும் எந்த டொமைனையும் நேரே கூப்பிடலாம் என்பதுதான் சிப்பை வடிவமைத்தவர்களின் ஆசை. தொலைபேசி எண்ணையே டிஎன்எஸ்ஸில் தேட ஈனம் என்ற ஏற்பாடும் வந்தது, எண்ணைத் தலைகீழாகப் புள்ளி வைத்து எழுதி இ164.ஆர்ப்பா என்ற டொமைனின் கீழ் தேடுவது. பொது ஈனம் பெரிதாக எழவில்லை. கேரியர்கள் தங்களுக்குள் தனியாக வைத்துக்கொண்டு வோல்ட்இ (4ஜி வழிக் குரல் அழைப்பு) நெட்வொர்க்குகளில் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

நடைமுறையில் நடப்பது வேறு. முன்பின் தெரியாதவரின் இன்வைட்டை எந்தக் கேரியரும் வாங்குவதில்லை. ஒப்பந்தம் போட்டு, ஐபி முகவரிகளைப் பரிமாறிக்கொண்டு, எஸ்பிசிக்கு எஸ்பிசி ட்ரங்க் கட்டுகிறோம். யாரிடம் தள்ளுவது என்பதை முன்னொட்டு அட்டவணை தீர்மானிக்கிறது. நீங்கள் 0421 என்று அடித்தாலும் உள்ளே வந்ததும் அதை +91 421 என்று முழு எண்ணாக மாற்றிவிடுவோம், இல்லாவிட்டால் அட்டவணை வேலை செய்யாது. பிறகு எந்த முன்னொட்டு அதிக இலக்கம் பொருந்துகிறதோ அதற்குத்தான் வெற்றி. 94 என்றால் இலங்கை, ஒரு வழி. 9477 என்று தனி வரி இருந்தால் அந்தக் கைப்பேசி எண்களுக்கு அது முந்தும், 9421 என்று இருந்தால் யாழ்ப்பாணத்துத் தரைவழி எண்கள் வேறு வழியில் போகும். ஒவ்வொரு வரிக்கும் கீழே மூன்று நான்கு கேரியர்கள், விலைப்படியும் தரத்தின்படியும் வரிசையாக.

முதல் கேரியர் 503 (இப்போது சேவை தர முடியாது) என்று திருப்பினால் அடுத்தவரிடம் போவோம். 486 என்று வந்தால் போகக் கூடாது, அது அழைக்கப்பட்டவரே வேறு அழைப்பில் இருக்கிறார் என்பது, வேறு வழியில் போனாலும் அதே பதில்தான். 404 (அப்படி ஒரு எண் இல்லை) தான் சிக்கல். உண்மையிலேயே இல்லாத எண்ணா, இல்லை அந்தக் கேரியரின் அட்டவணையில் அந்த முன்னொட்டு இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. ரீசன் தலைப்பில் க்யூ.850 காரணக் குறியீடு வந்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும், 1 என்றால் எண் ஒதுக்கப்படவில்லை, 3 என்றால் அந்த இடத்துக்கு வழியில்லை. எல்லாத் தோல்விக்கும் அடுத்த கேரியரை முயற்சி செய் என்று கண்மூடித்தனமாக வைத்தால் அழைத்தவர் அரை நிமிடம் அமைதியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

வடலி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன விலைவரிசையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. லண்டனில் இருக்கும் என்ர சித்தி இன்னும் அழைப்பு அட்டை வாங்கித்தான் அம்மம்மாவின் வீட்டுத் தொலைபேசிக்கு எடுப்பார். சில அட்டைகளில் இங்கே மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே அங்கே நிமிடம் கழிய ஆரம்பித்துவிடுகிறது, இங்கே ஒருவரும் எடுக்கவில்லை. இது எப்படி நடக்கிறது?

ஆழி_அலைவரிசை

வடலி, அது மொத்த வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த மோசடி. போலி ஆன்சர். கட்டணம் 200 ஓகேயில்தான் தொடங்குகிறது, 180, 183 இரண்டுக்கும் கட்டணம் இல்லை. லண்டனிலிருந்து யாழ்ப்பாணம் வரும் அழைப்பு நடுவில் பல கைகள் மாறுகிறது. அதில் ஒருவர் எதிர்ப்பக்கம் எடுப்பதற்கு முன்பே தானாக 200 ஓகே அனுப்பிவிட்டு, பதிவு செய்த மணி ஓசையை ஆர்டிபியில் ஓட்டுகிறார். சித்தியின் பக்கம் அழைப்பு எடுக்கப்பட்டது என்றே கணக்கு. மலிவான விலையைக் காட்டி அட்டவணையில் மேலே ஏறி, இல்லாத நொடிகளுக்குப் பணம் வாங்குகிறார்கள். முதியவர்களும் குறைந்த வருமானக்காரர்களும் நம்பி வாங்கும் அட்டையில் இது நடப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். நாங்கள் கண்டுபிடிப்பது கணக்கை வைத்து: ஒரு வழியில் எடுக்கப்படும் அழைப்புகளின் விகிதம் திடீரென ஏறி, சராசரிப் பேச்சு நேரம் இறங்கினால் அந்தக் கேரியரை நிறுத்திவிட்டு நாங்களே சோதனை அழைப்பு போட்டுப் பார்ப்போம்.

கேபிள்_மணி

183 என்ற பேச்சு வந்ததால் ஒன்று. "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்ற அறிவிப்பு, காலர் டியூன் பாட்டு, இவையெல்லாம் 200க்கு முன்பே 183 உடன் வரும் குரல். பிபிஎக்ஸ் அந்தக் குரலைத் திறந்துவிடாமல் தானே மணி ஓசை எழுப்பினால், எண் அணைந்திருக்கிறது என்று தெரியாமல் அலுவலகத்தில் காத்துக்கொண்டே இருப்பார்கள். ட்ரங்க் மாற்றியவர்கள் இதையும் சோதித்துப் பாருங்கள்.

திருப்பூர்_அட்மின்

ட்ரங்க் நிறுவனம் தங்கள் பக்க ட்ரேஸை அனுப்பியது. அவர்களுக்கு வந்த 200 ஓகேயிலும் காண்டாக்ட் 192.168.1.10 தான், ரவுட்டர் எதையும் தொடவில்லை. ட்ரான்ஸ்போர்ட் பகுதியைப் பார்த்தால் எக்ஸ்டர்னல்_சிக்னலிங்_அட்ரஸ் வரியே இல்லை, பிபிஎக்ஸ் அமைத்துக் கொடுத்தவர்கள் மீடியா வரியை மட்டும் போட்டிருந்தார்கள். வரியைச் சேர்த்து, ஆஸ்டரிஸ்க்கை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். இன்வைட், 180, 200, உடனே ஆக். பையரின் அழைப்பு அறாமல் போகிறது, எதிர்ப்பக்கம் வைத்தால் இங்கும் முடிகிறது. 5060 உண்மையிலேயே எல்லாருக்கும் திறந்துதான் இருந்தது, இப்போது ட்ரங்க் ஐபிக்கு மட்டும் சுருக்கிவிட்டேன். சார், மேடம், மணி ஐயா எல்லாருக்கும் நன்றி.

மேடம், கடைசியாக ஒன்று. எங்களிடம் இரண்டு ட்ரங்க் வைத்து, ஒரே ஆபரேட்டர் எண்களுக்கு அந்த ஆபரேட்டரின் ட்ரங்க் வழியே போகும்படி முதல் நான்கு இலக்கத்தை வைத்து அட்டவணை போடலாமா?

ஆழி_அலைவரிசை

கைப்பேசி எண்களுக்கு வேண்டாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் எண் மாறாமல் ஆபரேட்டர் மாறலாம், முதல் இலக்கங்கள் எண் முதலில் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும், இன்று யாரிடம் இருக்கிறது என்பதை அல்ல. அழைப்பு தொடங்கும் ஆபரேட்டர் ஒவ்வொரு முறையும் எண் மாற்றத் தரவுத்தளத்தைப் பார்த்து இன்றைய ஆபரேட்டரின் குறியீட்டை எடுத்து அதன்படிதான் அனுப்புகிறார். அந்தத் தேடல் உங்கள் கையில் இல்லை, நீங்கள் இலக்கத்தை வைத்துப் பிரித்தால் பலனும் இல்லை. தரைவழி எண்களை 421, 422, 44 என்று ஊர்வாரியாகப் பிரிப்பது சரி. மற்றதெல்லாம் முதல் ட்ரங்கில் போகட்டும், 503 வந்தாலோ பதிலே வராவிட்டாலோ இரண்டாவதுக்கு மாறட்டும். பதில் வராத நிலைக்கு 32 நொடி காத்திருக்க விடாதீர்கள், உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் ஆப்ஷன்ஸ் செய்தியை முதல் ட்ரங்குக்கு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி க்வாலிஃபை_ஃப்ரீக்வென்சியை 60 என்று வையுங்கள், ட்ரங்க் படுத்துவிட்டால் பிபிஎக்ஸுக்கு அழைப்பு வருமுன்பே தெரிந்துவிடும்.

திருப்பூர்_அட்மின்

சரி மேடம், அப்படியே வைத்துவிடுகிறேன். இரவு ஆள் இல்லாத நேரத்தில் முதல் ட்ரங்கின் ஐபியை ஃபயர்வாலில் தடுத்து மாறுகிறதா என்று பார்த்துவிட்டு ட்ரேஸை இங்கேயே போடுகிறேன்.

நொய்யல்காரன்

தடுக்கும்போது பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கும்படி ஒருமுறை, மறுப்பு அனுப்பும்படி ஒருமுறை, இரண்டு விதமாகவும் பாருங்கள். நிஜத்தில் ட்ரங்க் போகும்போது பெரும்பாலும் முதல் வகைதான் நடக்கும். அப்போது மாறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் ட்ரேஸோடு எழுதுங்கள்.